உறவுமுறை

மாங்குளம் சந்தியில இறங்க
ஓட்டோக்காரர் இங்கிலீசில கேட்டார்,
எந்த என்.ஜி.ஓ. எண்டு.
"துணுக்காய்க்கு எவ்வளவு, அண்ணை?" எண்டன்.
அவர் எனக்குப் பின்னால எட்டிப் பார்த்தார்
ஆர் கதைச்சது எண்டு.

அம்மா, நீங்கள் இதைப் பார்த்திருக்கவேணும்.
உங்கட 'ஓமோம்',
மூச்சை உள்ளுக்கு இழுத்துச் சொல்லுற உங்கட 'ம்',
எல்லாம் என்ர வாயிலயிருந்து விழ
ஆக்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தவை,
களவெடுத்த சங்கிலியைக் கழுத்தில
போட்டுக்கொண்டு நான் வந்தமாதிரி.

கந்தோரில காத்தாடி ஒரு பக்கமாய் இழுத்துச் சுத்தினது.
காணி உறுதி, உங்கட மரணச் சான்றிதழ், தத்தெடுத்த தாள்.
எழுதுவினைஞர் என்ர நிறம்தான்.
சரியாச் சொன்னால் ஒரு பிடி கூட.
"பேர்?"
"தவரூபி."
உறுதியைத் திருப்பினார்.
"இதில ஏற்கெனவே ஒரு தவரூபி இருக்கிறா."
"அது சித்தி. தொண்ணூறில காணாமல் போனவ."
"அப்ப நீங்கள்?"
"நானும்தான்."

பேனை மேசையில படுத்திட்டுது.
காணாமல் போனவவுக்குச் சான்றிதழ் இல்லையெண்டால்
காணி மாத்துறது கஷ்டமாம்.
எனக்குத் தெரியும், சேர்.
என்னைப் பெத்தவவுக்கும் ஒரு கோப்பு இருக்கு
றொறன்ரோவில.
வயது பத்தொன்பது. உயரம் ஐஞ்சடி ஏழு.
பேர் இருந்த இடத்தில மட்டும்
ஒரு கறுப்புக் கோடு.

"பின்னேரம் வாங்கோ."

வெளியில பாலைப்பழம் வித்துக்கொண்டிருந்தினம்.
கண்டபடி தின்னாதை, சொண்டு ஒட்டும் எண்டு
பழமே இல்லாத ஊரில வைச்சுச் சொல்லித்தந்தனீங்கள்.
ஒட்டினது.
ஒட்டின சொண்டோட வேலிக்கரையில நிண்டு
ஸ்காபரோக் கலியாணமொண்டை நினைச்சன்.

எனக்கு எட்டு வயது. வாசலில பன்னீர் தெளிக்கிறன்.
பட்டுச்சீலை ஒண்டு மற்றச் சீலைக்குச் சொன்னது:
"பூரணத்தின்ர காப்பிலிப் பிள்ளை."
அர்த்தம் கேட்டன்.
பன்னீர்ச் செம்பைப் பறிச்சு நீங்கள்
மேசையில வைச்ச சத்தம்தான் அர்த்தம்.
சாப்பிடாமல் வந்தம்.
காருக்குள்ள, "என்ர கறுப்பியெல்லோ" எண்டனீங்கள்.
உடன நாக்கைக் கடிச்சனீங்கள்.
சித்தியையும் வீட்டில அப்பிடித்தான் கூப்பிடுறதாம்.
அவவுக்குச் சொன்ன கறுப்பியும்
எனக்குச் சொன்ன கறுப்பியும்
ஒரே சொல்லோ?
முப்பத்தொரு வயதாச்சு. இன்னும் முடிவில்லை.

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தோத்து
மூண்டு சீப்பு முறிஞ்ச பிறகு
எக்லின்ரன் றோட்டில ஒரு சலூன்காரி
உங்களைப் பக்கத்தில நிப்பாட்டிப் பின்னப் பழக்கினவ.
முறுக்குப் பிழியிற கவனம் உங்களுக்கு,
ஞாயிறு ஞாயிறு, நாலு மணித்தியாலம்.
அவ கண்ணாடிக்குள்ளால
தன்ர ஊர்ப் பேச்சில என்னட்ட ஏதோ கேட்டா.
விளங்கேல்ல.
நான் உங்களைப் பார்த்தன்.
அவ பிறகு ஒண்டும் கேக்கேல்ல.
எண்ணெய்ப் போத்திலுக்குக் காசும் வாங்கேல்ல.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடிச்சி ஒண்டு
"அக்கா, இது சுருட்டினதோ, தானாச் சுருண்டதோ?" எண்டது.
"தானா."
"தொடட்டோ?"
"வேண்டாம்."
"சரி" எண்டிட்டு
தன்ர பின்னலைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துக்கொண்டு போனது.
கேட்டிட்டு விட்டது அது ஒண்டுதான், இந்தக் கிழமை.

பின்னேரம் படிவம் நிரம்பியிருந்தது.
காணிக்கு வழக்குப் போடவேணுமாம்,
ஒரு வருசம், இரண்டு வருசம்.
உறவுமுறைக் கட்டத்தில மட்டும்
பென்சிலால, சின்னனாய்:
மகள், பக்கத்தில ஒரு கேள்விக்குறி.

"சேர், அழிறப்பர் இருக்கோ?"

லாச்சியைத் திறந்தார்.
நூல்கட்டை, குளிசைக் கட்டு, பழைய முத்திரை,
ஆற்றையோ பாஸ்போட் படம்.
தேடிக்கொண்டே இருந்தார்.
நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன்.